வண்டியின் ரேடியோ செட் நனைந்துவிட்டது, பேட்டரியும் இறங்குகிறது: எதை மாற்றுவது, எதைத் திருத்துவது?

மே மாதம் மழை பிடித்தால் இலங்கை மலையகத்தில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் செப்டம்பர் வரை லேசில் விடாது. ஊவாப் பக்கம், பதுளை பண்டாரவளையில், அக்டோபருக்குப் பிறகுதான் பெரிய மழை. ஆக வருடத்தில் எந்த மாதம் பார்த்தாலும் மலையகத்தில் எங்கேயாவது ஒரு வண்டிக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வாகன வயரிங் வேலை செய்கிற எனக்கு அப்போதெல்லாம் வருகிற கேள்வி ஏறக்குறைய ஒன்றேதான்: "அண்ணே, செட்டுக்குள்ள தண்ணி போயிருச்சு. பாட்டு விட்டு விட்டு வருது. இப்ப ரெண்டு நாளா காலையில வண்டியும் ஸ்டார்ட் ஆகுதில்ல. பேட்டரிய மாத்தவா, செட்ட மாத்தவா?"

பலர் கேட்பதற்கு முன்பே புது பேட்டரி வாங்கிப் பூட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். ஒரு வாரத்தில் அதுவும் இறங்கிவிடுகிறது. கடன் சொல்லி வாங்கிய பேட்டரி. அதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு சம்பவம். நோர்வூட் பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு தம்பிக்கு மூன்று மாதத்தில் இரண்டாவது பேட்டரியும் படுத்துவிட்டது. விடியற்காலை ஐந்தரைக்கு அவர் வீட்டு வாசலுக்கே போனேன். கண்ணாடி முழுக்கப் பனி. கதவுப் பிடியைத் தொட்டால் விரல் விறைத்தது. பின்கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் இருந்த, பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் மேல் உள்ளங்கையை வைத்தேன். இளஞ்சூடு! வண்டியின் இரும்பெல்லாம் சில்லிட்டுக் கிடக்க, அது மட்டும் அடைகாத்த முட்டை மாதிரி கதகதப்பாக இருந்தது. சாவி ராத்திரி முழுக்க வீட்டுக்குள் ஆணியில்தான் தொங்கியிருக்கிறது. ஆனால் ஆம்ப் தூங்கவில்லை. செட்டை வெளியே இழுத்துப் பார்த்தால் பின்பக்கச் சாக்கெட்டில் பச்சைப் பொடி பூத்திருந்தது. எப்போதும் கரண்ட் இருக்கும் மஞ்சள் வயருக்கும், ஆம்பை எழுப்புகிற நீல வெள்ளை வயருக்கும் நடுவில் அந்தப் பச்சை ஒரு பாலம் போட்டிருந்தது. கூரை ஏரியலின் அடியில் இருந்த ரப்பர் வெடித்து, மழைத்தண்ணீர் ஏரியல் வயரைப் பிடித்துக்கொண்டே செட் வரை இறங்கியிருக்கிறது.

இரண்டு பேட்டரிக்குக் கொடுத்த பணத்தை அந்தத் தம்பி ஒரு ரப்பர் வளையத்துக்காக இழந்திருக்கிறார்.

## முடிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

எந்த வழியை எடுப்பது என்று தீர்மானிக்க நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும். பாட்டு அதற்குப் பிறகுதான். டவுனில் இருப்பவருக்கு பேட்டரி இறங்கினால் அரை மணி நேரத் தாமதம். தேயிலைத் தோட்டத்தில் மேல் டிவிஷனில் இருப்பவருக்கு அப்படியில்லை. நடு ராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தாலோ பிரசவ வலி எடுத்தாலோ, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லயத்து வாசலில் நிற்கிற அந்த ஒரு வேன்தான் இருக்கும். அதனால் எந்த வழியை எடுத்தாலும் அது மின் கசிவை நிறுத்துகிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, உள்ளே போனது என்ன தண்ணீர், அப்போது கரண்ட் இருந்ததா என்பது. கூரையிலிருந்து சொட்டிய மழைத்தண்ணீர் வேறு, மண்ணும் உரமும் கரைந்து ரோட்டில் ஓடி வந்த வெள்ளம் வேறு. மழைத்தண்ணீரில் உப்பு குறைவு, காய்ந்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சேற்றுத் தண்ணீர் காய்ந்த பிறகும் சேறு உள்ளேயே இருக்கும். மலையில் எப்போதும் இருக்கிற ஈரக்காற்றை அது இழுத்து இழுத்து வைத்துக்கொள்ளும். அதோடு பேட்டரி இணைப்பில் இருக்கும்போது நனைந்தால் சேதம் பல மடங்கு. ஈரமும் நேர்மின்னோட்டமும் சேர்ந்தால் செம்பு கரைந்து ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகரும். பச்சையாகப் பூப்பது அதனால்தான். செட் ஓஃப் பண்ணியிருந்தாலும் மஞ்சள் வயரில் கரண்ட் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது, விலைச்சீட்டில் தெரியாத செலவு. பாகம் வாங்க கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய் வருகிற ஒரு நாள், அன்றைக்கு இழந்த ஹயர் (வாடகை ஓட்டம்), ரகசிய எண் கேட்டு லாக் ஆகிற செட், திரும்பப் பூட்டும் கூலி.

நான்காவது, தண்ணீர் வந்த வழி அடைபட்டதா. இது அடைபடாவிட்டால் கீழே சொல்லப்போகிற எந்த வழியும் அடுத்த மழை வரைக்கும்தான். ஏரியல் அடி, முன் கண்ணாடியின் ரப்பர், அதற்குக் கீழே இலை அடைத்துக்கொள்ளும் வடிகால், ஏசியின் தண்ணீர்க் குழாய், பின் லைட்டின் வாசர், கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பாருங்கள். மரத்துக்கு அடியில் நிறுத்துகிற வண்டி என்றால் வடிகாலைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

## அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். சாவியை எடுத்துவிட்டு, பானட்டைத் திறந்து வைத்து, எல்லாக் கதவையும் சாத்திவிடுங்கள். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, அதன் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மற்ற முனையை மைனஸ் வயரின் கிளிப்பிலும் பிடிக்க வையுங்கள். அதற்குப் பிறகு கிளிப்பை மெதுவாகக் கழற்றுங்கள். இப்படிச் செய்தால் கரண்ட் ஒரு நொடி கூட விடுபடாது, செட்டும் லாக் ஆகாது. மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

உடனே காட்டுகிற எண்ணை நம்ப வேண்டாம். இப்போதைய வண்டிகளில் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கப்போக இருபது முப்பது நிமிடம் எடுக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் கசிவு இல்லை. அதற்கு மேல் என்றால், 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று பாதி வரை இறங்க எத்தனை நாள் ஆகும் என்று இந்தக் கணக்கைப் பாருங்கள்:

| மீட்டர் காட்டுவது | பாதியாக இறங்கும் காலம் |
|---|---|
| 50 மில்லி ஆம்பியர் | சுமார் 19 நாள் |
| 100 மில்லி ஆம்பியர் | சுமார் 9 நாள் |
| 300 மில்லி ஆம்பியர் | சுமார் 3 நாள் |
| 1 ஆம்பியர் | ஒரு நாள் கூட இல்லை |

பாதி பேட்டரியில் கொழும்பில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். ஜனவரியில் நுவரெலியாவில், புல்லின் மேல் வெள்ளைப் பனி உறைகிற காலையில், அதே பாதி போதாது. குளிரில் பேட்டரி கொடுக்கும் சக்தியும் குறையும், எஞ்சின் ஓயிலும் கெட்டியாகிவிடும். டீசல் வேன் என்றால் சுற்றுவதற்கு இன்னும் பலம் வேண்டும்.

எண் அதிகமாக இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது எண் சட்டென்று இறங்குகிறது என்று பாருங்கள். பல டொயோட்டா வண்டிகளில் செட்டுக்குப் போகும் நிரந்தரக் கரண்ட், உள் விளக்கின் ஃபியூஸ் வழியாகத்தான் போகிறது. 'ரேடியோ' என்று எழுதிய ஃபியூஸைக் கழற்றிவிட்டு "செட்டுல ஒண்ணும் இல்ல" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இன்னொன்று, ஆம்புக்குப் போகும் தடித்த வயர் ஃபியூஸ் பெட்டிக்குள்ளேயே வராது. பேட்டரியிலிருந்து நேராகப் போகும். அதன் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும். இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்ற வேலையெல்லாம் கிடக்கட்டும், முதலில் அதைப் போடுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இல்லாத ஆம்ப் வயர் எங்கேயாவது தகரத்தில் உரசினால் வண்டியே எரிந்துவிடும்.

எல்லாவற்றையும் கழற்றியும் எண் இறங்கவில்லையா? ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் பண்ணுகிற ஆல்டர்னேட்டரின் டயோடு கசியலாம். அது செட் விவகாரம் இல்லை, நல்ல ஒரு பாஸிடம் (மெக்கானிக்கிடம்) காட்டுங்கள்.

சரி, கசிவு செட்டிலோ ஆம்பிலோதான் என்று தெரிந்துவிட்டது. இனி வழிகளைப் பார்ப்போம்.

## வழி 1: பேட்டரியை மட்டும் மாற்றுவது

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். கசிவு இருக்கும்போது இது பணத்தைத் தண்ணீரில் போடுவது. ஈய பேட்டரி அடியோடு இறங்கி அப்படியே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்துவிடும். நாலைந்து தடவை அப்படி இறங்கினால் புது பேட்டரியும் பழசாகிவிடும்.

ஆனாலும் சில நேரம் இதுவே சரியான முடிவாகும். பழைய பேட்டரியை வெளியே எடுத்து முழுதாகச் சார்ஜ் செய்து, எதிலும் இணைக்காமல் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் பேட்டரி நல்லது. 12.4க்குக் கீழே போய்விட்டால் அதுவே தன்னைத் தின்னுகிறது. அடுத்து வண்டியில் போட்டு, ஸ்டார்ட்டர் சுற்றும்போது அளந்து பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் மாற்ற வேண்டியதுதான். அப்போதும் முதலில் கசிவை நிறுத்துங்கள், அதற்குப் பிறகு பேட்டரி.

"ஓடும்போது சார்ஜ் ஏறிடும்தானே" என்று கேட்பார்கள். அட்டன் டவுனிலிருந்து தோட்டத்துக்கு எட்டு பத்து கிலோமீட்டர், மூடுபனியில் லைட், வைப்பர், ஹீட்டர் எல்லாம் போட்டுக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறுகிற பயணத்தில், அடியோடு இறங்கிய பேட்டரி நிறையாது. வீட்டில் சார்ஜரில் ஒரு ராத்திரி போடுங்கள்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்வா, பிரியஸ் போன்றவற்றில் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கினால் வண்டி எழும்பாது. அக்வாவில் அது பின்சீட்டுக்கு அடியில், பழைய மாடல் பிரியஸில் டிக்கியின் ஓரத்தில். இரண்டுமே பின்பக்கம் ஒழுகுகிற தண்ணீர் தேங்கும் இடங்கள். ஆரஞ்சு நிற வயரைத் தொடவே தொடாதீர்கள்.

## வழி 2: இருக்கிற செட்டையே காயவைத்துக் கழுவி ஓட்டுவது

மழைத்தண்ணீர் சொட்டி, சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டால் இதைவிட நல்ல வழி இல்லை. செலவு ஒரு போத்தல் ஐசோபுரோபைல் ஆல்கஹால், ஒரு பழைய பல் பிரஷ், இரண்டு மூன்று நாள் பொறுமை.

நனைந்த உடனே செட்டின் ஃபியூஸைக் கழற்றுங்கள். "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று ஓன் பண்ணுவதுதான் கொல்லும். செட்டை வெளியே இழுப்பதற்கு முன் பின்பக்க வயர்களை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். மேல் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் சர்க்யூட் தகட்டைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி தெரிகிற இடத்தை ஆல்கஹாலில் நனைத்த பிரஷால் மெதுவாகத் தேய்த்து, அழுக்கு வடிந்து போகும்படி சாய்த்துக் கழுவுங்கள். சாக்கெட்டின் ஒவ்வொரு பின்னையும் விடாதீர்கள். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரினும் தண்ணீரும் இருக்கும். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பங்கரையில் வைத்துச் செய்யாதீர்கள்.

காயவைப்பதில்தான் நம் ஊரில் பிழை நடக்கிறது. அரிசிக்குள் புதைக்கிறார்கள், அடுப்புக்கு மேல் பரணில் வைக்கிறார்கள். அரிசி உள்ளே இருக்கும் ஈரத்தை இழுக்காது, மாவுத்தூளைத்தான் கொடுக்கும். அடுப்புச் சூடு பிளாஸ்டிக்கை வளைக்கும், கரிப்புகை தகட்டில் படியும். ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வேலை செய்வது பெரும் சூடு இல்லை, அடியிலிருந்து விடாமல் வருகிற காற்று. செட்டுக்கும் அதேதான். மூடியைத் திறந்து வைத்து, டேபிள் ஃபேன் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். வெளியே அடைமழை, அறைக்குள்ளும் ஈரம் என்றால், ஒரு அட்டைப் பெட்டிக்குள் செட்டை வைத்து, அட்டையிலும் செட்டிலும் படாமல் 40 வாட் குண்டு பல்ப் ஒன்றை எரியவிட்டு, பெட்டியின் மேல்பக்கம் துளை போடுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் அதைச் செய்யுங்கள். தொட்டால் கை பொறுக்கிற சூடு போதும்.

ஸ்பீக்கரைத் தனியாகப் பாருங்கள். காகிதக் கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக அமுக்கும்போது உள்ளே உரசுகிற சத்தம் கேட்டால் அது முடிந்தது. 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றரை ஓம் அளவில் காட்டினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் உயிரோடு இருக்கிறது. ஸ்பீக்கர் மட்டும் போனதற்கு முழு செட்டையும் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மறைந்த செலவு, நேரம். கழுவிய செட் இரண்டு மாதம் நன்றாக ஓடிவிட்டு, தகட்டின் அடியில் மிச்சமிருந்த அரிப்பால் திரும்பக் கசியலாம். அதனால் பூட்டியவுடன் ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை, மீட்டர் போட்டுப் பாருங்கள். சேற்று வெள்ளத்தில் மூழ்கிய செட்டுக்கு இந்த வழி வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மண்ணோடு வந்த தண்ணீரில் நின்ற வண்டிகளின் செட் எதையும் கழுவி ஓட்டச் சொல்லி என்னால் யோசனை சொல்ல முடியாது. சேறு சிப்புகளுக்கு அடியில் புகுந்துவிடும், பிரஷ் அங்கே போகாது.

## வழி 3: கடையில் திருத்தக் கொடுப்பது

வண்டியோடு வந்த நல்ல செட், ஸ்டீரிங் பட்டனும் ரிவர்ஸ் கேமராவும் அதோடு இணைந்திருக்கிறது, போனது ஒரு பாகம் மட்டும் என்றால் இதைச் செய்யலாம். ஆம்ப் திருத்துவதும் பெரும்பாலும் லாபம்தான், பெரிய பாகங்கள், ஆளுக்குத் தெரிகிற வேலை. திரை, டச், டிஸ்க் ஓடும் பகுதி போயிருந்தால் வேண்டாம்.

கொடுக்கும்போது "பாட்டு வந்தால் போதும்" என்று சொல்லாதீர்கள். "ஓஃப் பண்ணின பிறகு எவ்வளவு கரண்ட் இழுக்குது என்று அளந்து எழுதித் தாங்க" என்று கேளுங்கள். பாட்டு வருகிற செட்டும் ராத்திரியில் கசியலாம். ஒரு கடையில் நானே ஒரு முறை இதைக் கேட்காமல் விட்டுவிட்டு, வாடிக்கையாளருக்குக் கூலி வாங்காமல் திரும்பவும் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்ட வேண்டியதாயிற்று.

## வழி 4: ஜப்பான் பழைய செட், அல்லது புது ஆண்ட்ராய்டு செட்

மாற்றுவது என்று முடிவு செய்தால் இரண்டு வழி இருக்கிறது.

ஜப்பான் செட் நல்ல பொருள். சத்தம் தெளிவு, ஓஃப் பண்ணினால் ஒழுங்காகத் தூங்கும். ஆனால் இரண்டு தொல்லை. ஜப்பானின் பழைய எஃப்.எம். அலைவரிசை 76 முதல் 90 வரைதான். இங்கே நிலையங்கள் 108 வரை பரவி இருக்கின்றன. சூரியனோ சக்தியோ தென்றலோ கேட்க வேண்டுமானால் ஏரியல் வயரின் நடுவில் பேண்ட் எக்ஸ்பேண்டர் என்ற சின்னப் பெட்டி போட வேண்டும். ஏரியல் வழியாகத் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது அந்தப் பெட்டிதான். சிலர் அதன் கரண்டை மஞ்சள் வயரில் சேர்த்துவிடுகிறார்கள். அப்போது அது இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற சிவப்பு வயரில்தான் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது தொல்லை லாக். வரைபடம் உள்ள பல ஜப்பான் செட்டுகள், பேட்டரியைக் கழற்றிப் பூட்டினால் எஸ்.டி. கார்ட்டையோ ரகசிய எண்ணையோ கேட்டு நின்றுவிடும். கார்ட் இல்லாமல் விற்கிற பழைய செட்டை வாங்கினால் அடுத்த தடவை பேட்டரி இறங்குகிற அன்றைக்கு செட்டும் செத்த மாதிரிதான். கடையிலேயே கரண்டைத் துண்டித்து, திரும்பக் கொடுத்து, திறக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆண்ட்ராய்டு செட் எஃப்.எம். தொல்லை இல்லாமல் வருகிறது, கேமரா, புளூடூத், வரைபடம் எல்லாம் இருக்கிறது. குறை என்னவென்றால், பலவற்றில் சீக்கிரம் எழும்புவதற்காக ஓஃப் பண்ணிய பிறகும் அரைத்தூக்கத்தில் இருக்கிற அமைப்பு உண்டு. தினமும் ஓடுகிற வேனுக்கு அது பரவாயில்லை. கிழமைக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கிற காருக்கு அது மெதுவான கசிவு. அமைப்புகளுக்குள் போய், சாவி எடுத்தவுடன் முழுதாக அணையும்படி மாற்றுங்கள். எழும்ப அரை நிமிடம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான். பூட்டிய பிறகு மீட்டர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பு வயரையும் மஞ்சள் வயரையும் மாற்றிப் பூட்டியிருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

என் விருப்பத்தைக் கேட்டால், ஹயர் ஓடுகிற வேனுக்கு ஆண்ட்ராய்டு. வீட்டுக் காருக்கு, கார்டோடு கிடைத்தால், ஜப்பான் செட். சேற்று வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் எந்த செட்டை வாங்கினாலும் பழைய சாக்கெட்டில் செருகாதீர்கள். சாக்கெட்டை வெட்டி எறிந்து, வயரைச் செம்பு பளபளப்பாகத் தெரிகிற இடம் வரை பின்னால் வெட்டி, புது சாக்கெட்டைப் பற்றவைத்துப் பூட்டுங்கள். புது செட் மூன்று மாதத்தில் போவது பெரும்பாலும் பழைய சாக்கெட்டால்தான்.

## வழி 5: செட்டையும் ஆம்பையும் கழற்றிவிட்டு ஓட்டுவது

கையில் பணமில்லாத மாதத்தில் இது கௌரவமான முடிவு. ஆம்பின் ஃபியூஸ், செட்டின் ஃபியூஸ் இரண்டையும் கழற்றுங்கள். வயர் முனைகளை ஒவ்வொன்றாக டேப் சுற்றுங்கள், கொத்தாக முறுக்கி டேப் போடாதீர்கள். ஃபோனும் ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரும் போதும். மழைக்காலம் முழுக்க இப்படி ஓட்டிவிட்டு, தை மாதம் வெயில் வந்ததும் ஓட்டையை அடைத்து, நிதானமாக செட் தேடியவர்கள் நல்ல விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உள் விளக்கும் கதவு லாக்கும் செட்டின் ஃபியூஸிலேயே ஓடும் வண்டி என்றால் ஃபியூஸைக் கழற்றினால் அவையும் நிற்கும். அங்கே செட்டின் சாக்கெட்டைத்தான் கழற்ற வேண்டும்.

## வழி 6: கட் அவுட் சுவிட்ச்

பேட்டரியின் மைனஸில் ஒரு திருகு சுவிட்ச். ராத்திரியில் திருப்பிவிட்டால் முழு வண்டியும் துண்டிக்கப்படும். மலிவு, பத்து நிமிட வேலை. பழைய டொல்ஃபின் வேன், பழைய ஜீப், லொறி போன்றவற்றுக்கு இது அருமை. லீசிங் தவணை முடியும்வரை இழுத்துப்பிடித்து ஓட்டுகிறவருக்கு இது உயிர்மூச்சு.

ஆனால் இது நோயை மறைக்கிறதே தவிர ஆற்றுவதில்லை. பகலில் வண்டி ஓடும்போது பச்சை பூத்த இடம் இன்னும் பச்சையாகிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ராத்திரியும் மணிக்கூடு அழியும், அலாரம் வேலை செய்யாது, ஜப்பான் செட் லாக் ஆகும், புது எஞ்சின்கள் காலையில் ஐடிலை (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை) திரும்பப் படிக்கும்வரை தடுமாறும். ஹைபிரிட்டுக்கு வேண்டவே வேண்டாம். இதைப் போட்டவர்கள், அடுத்த சம்பளத்துக்குள் கசிவைத் தேடுவேன் என்று ஒரு தேதியைக் குறித்து வையுங்கள்.

## யாருக்கு எது

மழைத்தண்ணீர், ஒரு வாரத்துக்குள் கண்டுபிடித்தது, மீட்டரில் 300 மில்லி ஆம்பியருக்குக் கீழே என்றால் வழி 2. விலை கூடிய, வண்டியோடு வந்த செட், அல்லது ஆம்ப் மட்டும் கசிகிறது என்றால் வழி 3. சேற்று வெள்ளம் என்றால் வழி 4, புது சாக்கெட்டோடு. பணமில்லை, ஆனால் நாளை காலை பிள்ளைகளை ஏற்ற வேண்டும் என்றால் இன்றைக்கே வழி 5. பழைய டீசல் வண்டி, கசிவு எங்கே என்று தேட நேரமில்லை என்றால் சில நாளைக்கு வழி 6. வழி 1, கசிவு நின்ற பிறகு, பேட்டரி சோதனையில் தோற்றால் மட்டும்.

வெள்ளம் என்றால் எதையும் கழற்றுவதற்கு முன் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் உங்கள் வண்டியின் சேதத்துக்கு எதுவும் வராது. முழுக் காப்புறுதி என்றாலும் வெள்ளம் சேர்க்கப்பட்டிருக்கிறதா, நீங்கள் பிறகு பூட்டிய செட்டும் ஆம்பும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி படம் எடுத்து, அவர்கள் ஆள் வந்து பார்த்த பிறகு கையை வையுங்கள். ஃபியூஸையும் பேட்டரி வயரையும் மட்டும் அதற்கு முன்பே கழற்றலாம்.

எந்த செட்டைப் பூட்டினாலும், ஏரியல் வயரையும் வயர்க் கட்டையும் நேராக மேலிருந்து இறக்கிச் செருகாதீர்கள். செட்டைவிடத் தாழ்வாக ஒரு வளைவு விட்டு, பிறகு மேலே ஏற்றிச் செருகுங்கள். வயரைப் பிடித்துக்கொண்டு வருகிற தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், செட்டுக்குள் ஏறாது. நோர்வூட் தம்பியின் வேனில் ரப்பரை மாற்றிய பிறகும் அப்படி ஒரு வளைவு விட்டுத்தான் பூட்டினேன். வளைவுக்கு நேர் கீழே கார்பெட்டில் ஒரு வெள்ளைத் துணித் துண்டும் போட்டுவைத்திருக்கிறார். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதைத் தொட்டுப் பார்க்கிறார்.